உலை மேல் வைத்த கேரியர்

காவல் நிலையத்து பெஞ்சுக்கு மூன்று கால்தான் உருப்படி. நான்காவது காலுக்குப் பதில் செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தையல்காரியை அந்தச் செங்கல் பக்கமாகப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். அசைந்தால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் ஏட்டு நிமிர்ந்து பார்ப்பார். அதனால் நேற்றிலிருந்து அவள் அசையவே இல்லை. விரல் மட்டும் புடவை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது.

மூட்டைக்கு அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வயதில் பாதியைச் சுமை தூக்கியே கழித்தவன் அவன். இடுப்பு விட்டுப்போன பிறகுதான் அண்ணியோடு சேர்ந்தான். பழைய வேலை போனாலும் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளையும் கிடங்குகளையும் போய்ப் பார்த்து, இது தானாகப் பிடித்த தீயா, யாரோ பிடிக்க வைத்த தீயா என்று சொல்லும் வேலையில் இருந்தவள். இப்போது அதே மூக்கை வைத்துக்கொண்டு தனியாகத் துப்பறிகிறாள். அவளுக்குத் துணி தைத்துக் கொடுப்பவள்தான் இந்தத் தையல்காரி. ஸ்டேஷனிலிருந்து பேச விட்ட ஒரே ஃபோனை அவள் அண்ணிக்குத்தான் போட்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, களைத்தவர். அவர் சொன்ன கதை கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருந்தது. தையல்காரியின் புருஷன் ஒரு பொடித் தொழிற்சாலையில் உலை பார்க்கிறவர். முந்தாநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அப்புறம் கால் துவண்டது. அப்புறம் கை. இப்போது ஆஸ்பத்திரியில் நனைந்த சாக்கு மாதிரி கிடக்கிறார். ஏதோ விஷம் என்கிறார் டாக்டர், என்ன விஷம் என்று பிடிபடவில்லை. வீட்டைச் சோதித்ததில் சமையலறைப் பலகைக்கு அடியில் எலி மருந்து கிடைத்தது. அவர் விழுந்ததற்கு முந்தின நாள் மதியம், பட்டறை நடுவில் நின்றுகொண்டு பெண்டாட்டியை ஃபோனில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் சண்டை, மறுநாள் சாப்பாட்டில் விஷம். மாமியார் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள கைதுன்னு எழுதிடுவேன்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க முகத்துக்காகத்தான் இவ்வளவு நேரம்."

அண்ணி கைதைப் பற்றிப் பேசவில்லை. எலி மருந்துக்கு உண்டான வைத்தியம்தானே நடக்கிறது, அதில் ஆள் தேறியிருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை, மோசமாகிக்கொண்டுதான் போகிறார். மூச்சு விடுகிற தசை வரைக்கும் போய்விட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்திருக்கிறார்.

"அப்ப அந்த மருந்தை எலிக்குத்தான் வாங்கியிருக்காங்க போல சார்," என்றான் மூட்டை.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். 

தையல்காரியிடம் அண்ணி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். எதற்காகத் திட்டினார்?

"சாப்பாடு ஆறிப்போச்சுன்னு," என்றாள் அவள்.  "பச்சத்தண்ணி மாதிரி இருக்குது, இதை மனுஷன் தின்பானா, நீ எல்லாம் ஒரு பொம்பளையான்னு. காலையில கட்டிக் குடுக்கறது மத்தியானம் எப்படிக்கா சூடா இருக்கும்? இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல. அன்னைக்கு என்ன வந்ததோ. சாயங்காலம் கேரியர் கட்டற நாடாவையும் எங்கயோ தொலைச்சுட்டு வந்தாரு. கேரியரோட கொக்கி உடைஞ்சு கிடக்குது, நாடா போட்டுத்தான் கட்டணும். எங்கேன்னு கேட்டேன். அதுக்கும் எரிஞ்சு விழுந்தாரு."

அண்ணி எழுந்துவிட்டாள். வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒரு நாளும் ஆறாத சாப்பாடு அன்னைக்கு மட்டும் ஏன் ஆறுச்சு?"

"அண்ணி, என் சாப்பாடு தினமும்தான் ஆறிப்போகுது. எவனும் துப்பறிய வரமாட்டேங்கறான்."

"உன் சாப்பாடு உலை மேல உக்காரல மூட்டை."

தொழிற்சாலை என்று பெயர்தான் பெரிது. நீளமான தகரக் கொட்டகை. உள்ளே கால் வைத்ததும் மூட்டையின் செருப்பு வெள்ளையாகிவிட்டது. சுவர் வெள்ளை, ஜன்னல் வெள்ளை, வேலை செய்கிறவர்களின் புருவம்கூட வெள்ளை. சூப்பர்வைசர் கூடவே நடந்து விளக்கினார். இரண்டு வகை வெள்ளைப் பொடி மூட்டை மூட்டையாக வரும். ஒன்று பெயின்ட்டில் போடுகிற வெள்ளை. இன்னொன்று பேரியம் கார்பனேட் என்கிற கல்லுப் பொடி. இரண்டையும் தண்ணீர் விட்டு உருளையில் போட்டு அரைப்பார்கள், காய வைப்பார்கள், சலிப்பார்கள். பிறகு தட்டுத் தட்டாக உலைக்குள் அடுக்கி நன்றாகச் சுட வேண்டும். அந்தச் சூட்டில் கல்லுப் பொடிக்குள் இருக்கும் வாயு கிளம்பிப் போய்விடும். மிச்சம் இருக்கிற இரண்டும் ஒன்றாகக் கலந்து மூன்றாவதாக ஒரு பொடி பிறக்கும். ஃபோனுக்குள்ளும் டி.வி.க்குள்ளும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற குட்டிக் குட்டி வில்லைகளுக்கு அந்த மூன்றாவது பொடிதான் வேண்டும்.

"போகும்போதும் வெள்ளை, வரும்போதும் வெள்ளை," என்றான் மூட்டை. "என்னை மாதிரி ஆளு பார்த்தா உலை வேலை செஞ்சுதா தூங்குச்சான்னு எப்படித் தெரியும்?"

சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, அதற்குத்தானே உலைக்காரர் இருந்தார் என்றார்.

உலைகள் இரண்டும் கொட்டகையின் கோடியில், ஆள் உயரத்துக்கு, பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நம்பரை உலைக்காரர் விழுந்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இரும்புத் தகடு. ஒன்றாம் நம்பர் தகட்டின் மேல் டிபன் கேரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூட்டை ஒன்றைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

சலிக்கிற வேலை பார்க்கும் கிழவர் அதைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் கேரியர் எல்லாம் ஒன்றாம் நம்பர் மேல்தான், இரண்டாம் நம்பர் தகடு உலைக்காரருக்கு மட்டும் சொந்தம், ஒருத்தரையும் வைக்க விடமாட்டார் என்றார். அன்றைக்கு என்ன நடந்தது என்று அண்ணி கேட்டாள். கிழவருக்கு அதைச் சொல்வதில் கொஞ்சம் கூச்சம்.

"நான்தாம்மா வாயைக் குடுத்தேன். ஊறுகாய் எடுக்கலாம்னு அவர் கேரியர்ல கை வச்சேன். சில்லுனு இருந்துச்சு. என்னப்பா, உன் ஃபர்னஸ் செத்துப்போச்சான்னு சும்மா கேலிக்குக் கேட்டேன். சூப்பர்வைசர் சாரும் அங்கதான் நின்னாரு. அதுக்கு அந்த மனுஷன் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. உடனே ஃபோனை எடுத்து வீட்டுக்காரம்மாவை அந்தக் காய்ச்சு காய்ச்சினாரு."

"இங்கயே நின்னா?"

"இதே இடத்துல. பொண்டாட்டியைத் திட்டறதுன்னா எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கிப் போய்த்தானே திட்டுவோம்."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். சூப்பர்வைசரோ அவசரமாகக் குறுக்கே விழுந்தார். இரண்டாம் நம்பர் அன்றைக்கு நன்றாக ஓடியது, மீட்டர் பெட்டியில் சூடு ஏறி நின்றதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன், உலை சூடாக இருக்கும்போது மேலே வைத்த சாப்பாடு ஆறுவதற்கு வழியே இல்லை, கிழவருக்குக் கை மரத்துப் போயிருக்கும் என்றார். கிழவர் சல்லடையை ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான்.

மீட்டர் பெட்டி பொய் சொல்லுமா என்று அண்ணி கேட்கவில்லை. அதற்குப் பின்னால் போகிற கம்பி எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லி மூட்டையை அனுப்பினாள்.

உலைகளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து ஒரு சாக்குப் பையை நெடுக்கில் தள்ளும் அளவுக்குத்தான் இருந்தது. மூட்டை வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தான். இந்தப் பக்கம் ஒன்றாம் நம்பரின் அனல் முதுகைச் சுட்டது. இரண்டாம் நம்பரின் முதுகில் இருக்க வேண்டிய, சூட்டை அளக்கும் கம்பி அதன் ஓட்டையில் இல்லை. ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே நகர்ந்தான். அது சுவரோரமாக வளைந்து போய், ஒன்றாம் நம்பரின் முதுகில் சும்மா கிடந்த உபரி ஓட்டைக்குள் ஏறியிருந்தது.

"அண்ணி, நம்ம வீட்டு வாசல்ல பெல்லை அழுத்தினா அடுத்த வீட்டுல அடிக்குது," என்று உள்ளேயிருந்தே சொன்னான். "ரெண்டாம் நம்பர் பெட்டி காட்டினது ஒண்ணாம் நம்பரோட சூட்டை."

வெளியே சூப்பர்வைசர் மீட்டர் பெட்டியிடம் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் மூட்டையின் கை நின்றது. கம்பி தொங்காமல் இருக்க இரும்புச் சட்டத்தோடு சேர்த்து ஒன்றால் கட்டியிருந்தார்கள். நாடா. நீலக்கோடு போட்ட தையல் நாடா. ஓரம் பிரியாமல் மடித்து, மெஷினில் தையல் ஓட்டியிருந்தது.

 இதை இன்ஸ்பெக்டர் பார்த்தால் பேச்சே வேண்டாம். தையல்காரியின் நாடா, தையல்காரியின் தையல். பெஞ்சிலிருந்து அவளை நேராக ஜெயிலுக்கே கூட்டிப் போய்விடுவார்கள். மூட்டை நாடாவின் முடிச்சை அவிழ்த்தான். கம்பியை அங்கேயே ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, நாடாவைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான். சந்தில் நுழைந்தபோது இருந்த கேலி அவன் முகத்தில் இல்லை. அண்ணி அவன் மூடிய கையை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டாம் நம்பரின் கதவைத் திறந்தார்கள். உள்ளே சுவரில் இருந்த 'காயில்' என்கிற சூடாக்கும் கம்பிச்சுருள் அறுந்து, பல்லி வால் மாதிரி தொங்கியது. இந்த உலை இரண்டு மூன்று நாளாய் ஒரு டீத் தண்ணியைக்கூடச் சுட வைத்திருக்காது. ஆனால் இதிலிருந்து எடுத்த தட்டுகள் 'சுட்டாயிற்று' என்று சொல்லி அடுத்த அறையில் அடுக்கியிருந்தன.

சூப்பர்வைசர் இது நடந்திருக்கவே முடியாது என்றார். அந்தத் தட்டுகள் பாஸ் ஆனவை. உலைக்காரர் விழுந்த அன்று சரக்கு வாங்குகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அவர் எதிரிலேயே பாஸ் ஆனது.

"யாரு பாஸ் பண்ணினது? என்ன வச்சு?" என்றாள் அண்ணி.

அவர் தயங்கினார். பிறகு தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

மூட்டை சிரித்துவிட்டான். சிரித்தபோதே சிரிப்பு பாதியில் நின்றது. உலைக்காரர் பல வருஷமாகச் செய்கிற காரியம் அது. தட்டில் விரலை வைத்து, பொடியை நாக்கில் தொட்டுப் பார்ப்பார். நன்றாகச் சுட்ட பொடி நாக்கைப் பிடித்துக்கொள்ளும், சுடாதது வழுக்கும் என்பது அவர் கணக்கு. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு 'வெந்திருக்கு' என்பார். பொடியை வெளியூருக்கு அனுப்பி மெஷினில் சோதிக்கிற வழக்கமும் உண்டு. ஆனால் அந்தப் பதில் வருவதற்குள் சரக்கு போயாக வேண்டுமே. அதுவரைக்கும் இந்த நாக்குதான் முத்திரை. வாங்குகிறவர்கள்கூட அதைப் பார்ப்பதற்கென்றே வந்து நிற்பார்களாம்.

அண்ணி கேன்டீனிலிருந்து வினிகர் பாட்டிலும் இரண்டு டம்ளரும் வாங்கி வரச் சொன்னாள். ஒன்றாம் நம்பர் தட்டிலிருந்து ஒரு கரண்டிப் பொடி ஒரு டம்ளரில். இரண்டாம் நம்பர் தட்டிலிருந்து ஒரு கரண்டி மற்றதில். வினிகரை ஊற்றினாள். முதல் டம்ளர் சேறு மாதிரி சும்மா கிடந்தது. இரண்டாவது டம்ளர் சோடாவைத் திறந்தது போல நுரைத்துப் பொங்கி மேஜையில் வழிந்தது.

"வாயு இன்னும் உள்ளேயே இருக்கு," என்றாள் அண்ணி. "சுடவே இல்ல."

சத்தம் கேட்டு வந்த தொழிற்சாலை கெமிஸ்ட் பெண் அந்த நுரையைப் பார்த்தாள். தட்டின் நம்பரைப் பார்த்தாள். உலைக்காரர் இதையா வாயில் வைத்தார் என்று கேட்டவள், பதிலுக்குக்கூட நிற்காமல் ஃபோனை எடுத்தாள். சுட்ட பிறகு அந்தப் பொடி வயிற்றில் கரையாது, அப்படியே வெளியே போய்விடும். சுடாத கல்லுப் பொடியோ வயிற்றுப் புளிப்பில் கரைந்து ரத்தத்தில் கலந்து, உடம்பில் இருக்கிற உப்புச் சத்து ஒன்றைத் தாறுமாறாக்கிவிடும். தசை ஒவ்வொன்றாக அணையும். சாக்கு அறையில் 'வாயில் வைக்காதே' என்று பலகை எழுதி மாட்டியிருப்பதே அதற்குத்தான். இவ்வளவையும் அவள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ ஒன்றை இரண்டு தடவை கேட்டார். பிறகு நர்ஸைக் கூப்பிடுகிற சத்தம், காலடிச் சத்தம். ஃபோன் அப்படியே திறந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மூட்டை உலைக்கு எதிரில் கிடந்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். கதை புது ஒழுங்குக்கு வந்துவிட்டது அவருக்கு. யாரோ கம்பியை மாற்றியிருக்கிறார்கள், உலைக்காரர் நாக்கில் வைப்பார் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள், வெளியாள் செய்திருக்க முடியாது. சூப்பர்வைசரை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

"அவர்தானா அண்ணி?" என்றான் மூட்டை.

"நீ முதல்ல கையைத் திற."

அவன் திறந்தான். நாடா வேர்வையில் நனைந்திருந்தது. எங்கே கிடைத்தது, ஏன் அவிழ்த்தான் என்பதை முணுமுணுத்தான். அடி விழும் என்று எதிர்பார்த்தான். அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அவ இந்த கேட்டைத் தாண்டி உள்ள வந்ததே இல்ல. இந்த நாடா எதுல வந்துச்சு?"

மூட்டைக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கேரியரில் வந்தது. தகட்டின் மேல் வேறு ஒருத்தர் கேரியரையும் வைக்க விடாத ஆளின் கேரியரில். காலையில் உள்ளே வந்த நாடா சாயங்காலம் வீடு திரும்பவில்லை. சந்துக்குள் அவசரத்தில் கட்ட ஒன்றும் கிடைக்காதவன், கையில் இருந்ததை அவிழ்த்துக் கட்டியிருக்கிறான்.

"அவரே மாத்தினா, அது வேகாத பொடின்னு அவருக்கே தெரியுமே. தெரிஞ்சும் எவனாவது வாயில வைப்பானா?"

"கேட்டுப் பார்ப்போம்," என்றாள் அண்ணி. அவள் குரலில் சந்தோஷமே இல்லை.

ஆஸ்பத்திரியில் உலைக்காரரின் கையில் புது மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நேரம் ஆக ஆக விரல் அசைந்தது, அப்புறம் மணிக்கட்டு. உதட்டோரத்தில் வழிந்த எச்சிலை அவரே விழுங்கினார். பிழைத்துவிடுவார் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், மாமியார் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, பாவி மகள் என் பிள்ளையை இப்படிச் செய்துவிட்டாளே என்று இன்னும் மருமகளைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி நாடாவை உலைக்காரர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார்.  பிறகு கண்ணை மூடிக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னார். இன்ஸ்பெக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நம்பரின் கதவை அவர்தான் அவசரப்பட்டுத் திறந்திருக்கிறார், உள்ளே சூடு தணிவதற்கு முன்பே. குளிர்ந்த காற்று பட்டுக் காயில் விட்டுப்போனது. இதற்கு முன்னும் ஒரு தடவை அப்படி ஆகி, இன்னொரு தரம் நடந்தால் வீட்டுக்குப் போய்விடு என்று முதலாளி சொல்லியிருந்தார். புதுக் காயிலுக்குத் தெரிந்த ஆளிடம் சொல்லி வைத்தார். அது வரும்வரை மீட்டர் சரியாகக் காட்டட்டும் என்று கம்பியை மாற்றினார். காயில் வந்ததும், சுடாமல் எடுத்து அடுக்கிய தட்டுகளைச் சத்தமில்லாமல் திரும்பச் சுட்டுவிடலாம் என்று இருந்தார். வழக்கப்படி கேரியரைத் தகட்டில் வைத்தது மட்டும் புத்தியில்லாமல் செய்தது. கிழவர் வந்து சில்லிட்டிருக்கிறது என்றதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலை மேல் சந்தேகம் வராமல் இருக்கப் பழியை வீட்டு மேல் போட்டார். எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பதற்காகவே அங்கே நின்று கத்தினார்.

மறுநாள் சரக்கு வாங்குகிறவர் வந்து நின்றுவிட்டார். தட்டுகளைக் கொண்டு வா என்றார்கள். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழுக்குகிறது என்று சொன்னால் உலையைத் திறப்பார்கள். வைத்தார். துப்பலாம் என்று திரும்பினால் வாங்குகிறவர் முகத்துக்கு நேரே நின்று, எப்படி இருக்கிறது என்கிறார். விழுங்கிவிட்டு, வெந்திருக்கு என்றார். அடுத்த தட்டு என்றார் அவர். அதற்கு அடுத்த தட்டு. பலகை இருப்பது தெரியும். ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று நினைத்தார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்தார். கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை, அந்தப் பெண்ணை அனுப்பிவிடுகிறேன் என்று ஸ்டேஷனுக்கு ஃபோன் போட வெளியே போனார். மாமியார் சபிப்பதை நிறுத்தியிருந்தாள். வேறு எதையும் ஆரம்பிக்கவில்லை.

மூட்டைக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மருந்துப் பையை மாற்ற வந்த நர்ஸிடம், பாவம் மனுஷன், நாக்கு இழுத்துக்கொண்டதால் இதை முன்னாலேயே சொல்ல முடியாமல் போய்விட்டது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான்.

நர்ஸ் கையை நிறுத்தினாள். "யார் சொன்னா? வந்த அன்னைக்கு நல்லாத்தான் பேசினாரு. தண்ணி கேட்டாரு, ஃபேனைப் போடச் சொன்னாரு. என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர் அத்தனை தரம் கேட்டாரு. வீட்டுச் சாப்பாடுதான், வேற ஒண்ணும் இல்லைன்னாரு. மருமகளைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சுன்னு இந்தம்மா வந்து சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் வாயே திறக்கல. நாக்கு குழறினது அதுக்கும் ரொம்ப நேரம் கழிச்சு."

உலைக்காரர் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அந்த அளவுக்குக் கழுத்து திரும்பியது.

மூட்டை வெளியே வராந்தாவுக்கு வந்தான்.    அண்ணியும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது அந்தத் தங்கச்சிக்குத் தெரிய வேண்டாமே அண்ணி. வேற ஒண்ணும் இல்ல, இது மட்டும்."

அண்ணி படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரி வந்தபோது ஒரு பெண் போலீஸ் வராந்தா முனை வரை கூடவே நடந்து வந்து, அங்கேயே நின்று, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். ஸ்டேஷனுக்குப் போட்ட ஃபோனிலேயே இன்ஸ்பெக்டர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நாடாவை, உலையை, ஃபோனில் திட்டியது எதற்காக என்பதை. ஆஸ்பத்திரி வாசல் காவலாளி அவள் கையில் உடனிருப்பவருக்கான அட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரு நோயாளிக்கு ஒரு அட்டைதான். அது இல்லாமல் ராத்திரி வார்டில் தங்க விடமாட்டார்கள்.

அவள் கதவு வரைக்கும் போனாள். உள்ளே கட்டிலைப் பார்த்தாள். பிறகு அண்ணியிடம் திரும்பி வந்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போனப்ப அவரால பேச முடிஞ்சுதாக்கா?"

மூட்டை தரையைப் பார்த்தான். இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. அதை அண்ணி சொல்லிவிட்டால் இந்தப் பெண் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள், வீடு வீடாக இருக்கும்.

"முடிஞ்சுது," என்றாள் அண்ணி.

தையல்காரி அழுவாள் என்று மூட்டை பயந்தான். அவள் அழவில்லை. மாமியார் கதவோரம் வந்து நின்றுகொண்டு, வாம்மா உள்ளே, ஏதோ தெரியாமல் நடந்துபோச்சு, அவன் உன்னைத்தான் தேடுகிறான் என்றாள். தையல்காரி அந்த அட்டையை எடுத்து மாமியாரின் கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"உங்க பிள்ளையை நீங்களே கூட இருந்து பாத்துக்குங்க அத்தை. உயிர் இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு. எனக்கு அது போதும்."

படி இறங்கிவிட்டாள். மூட்டை பின்னாலேயே ஓடி, வண்டி எடுக்கட்டுமா தங்கச்சி, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றான்.

"வேண்டாண்ணே. ரெண்டு நாளா எங்க போனாலும் ஒருத்தர் கூடவே வந்தாங்க. பாத்ரூமுக்குக்கூட. தனியா நடக்கணும் போல இருக்கு."

ஆஸ்பத்திரி கேட்டில் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். மூட்டைக்கு அந்தத் தெரு தெரியும். அவள் வலது பக்கம் திரும்பினாள். கடைகளைத் தாண்டி, கூட்டத்துக்குள் புகுந்து, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்தாள். பழக்க தோஷத்தில் மூட்டையின் கால் தானாக ஒரு எட்டு முன்னால் போனது. ஓர் ஆளை இருபதடி விட்டுப் பின்தொடர்வது எப்படி என்று அண்ணிதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

அண்ணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பின்னால போகாத மூட்டை," என்றாள். "அவ எங்க போறான்னு நமக்குத் தெரிய வேண்டாம்."